டெல்டாவில் ஹாக்நோஸ் பாம்பு வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஹாக்நோஸ் பற்றிக் கேட்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். அமெரிக்கக்காரர்கள் எழுதும் குறிப்புகளைப் படித்துவிட்டு அப்படியே இங்கே செய்தால் ஒத்துவராது. அவர்களுக்கு ஈரம் போதவில்லை என்ற கவலை, நமக்கு ஈரம் போகவில்லை என்ற கவலை. கீழே உள்ள பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும்.

ஹாக்நோஸ் எந்த ஊர்ப் பாம்பு? எவ்வளவு பெரிதாக வளரும்?

வீடுகளில் வளர்க்கப்படுவது பெரும்பாலும் மேற்கத்திய ஹாக்நோஸ். அறிவியல் பெயர் ஹெட்டரோடான் நாசிகஸ். தென் கனடாவில் தொடங்கி, அமெரிக்காவின் நடுப்பகுதிப் புல்வெளிகள் வழியாக, மெக்சிகோவின் வடக்கு வரை இருக்கிறது. மணலும் சரளையும் கலந்த காய்ந்த மண் அதற்குப் பிடிக்கும். மூக்கு நுனிச் செதில் மண்வெட்டி போல மேல்நோக்கி வளைந்திருக்கும். அதை வைத்து மண்ணைக் கிளறித் தேரை, பல்லி, ஊர்வனவற்றின் முட்டை எல்லாவற்றையும் தேடித் தின்னும்.

ஆண் ஒன்றரை அடி அளவில் நின்றுவிடும். பெண் இரண்டு, இரண்டரை அடி வரை போகும், உடம்பும் தடியாக இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 வருஷம் சாதாரணம், 20 வருஷம் இருப்பதும் உண்டு. கல்லூரிப் பையன்கள் வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். வேலை கிடைத்து நீங்கள் துபாய் போனபிறகும் பாம்பு வீட்டில்தான் இருக்கும்.

சட்டப்படி வளர்க்கலாமா?

இதில் இரண்டு பகுதி இருக்கிறது.

நம் ஊர்ப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்கக் கூடாது. சாரை, தண்ணீர்ப்பாம்பு, பச்சைப்பாம்பு, கொம்பேறிமூக்கன், மண்ணுளி எல்லாமே இதில் அடக்கம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வயலில் கிடைத்ததை டப்பாவில் போட்டு வைத்தாலும் அது குற்றம்தான். "மண்ணுளி ஒன்று இருக்கிறது, ஹாக்நோஸ் மாதிரியே சாது, அதை வளர்க்கலாமா" என்று கேட்பவர்களுக்கும் இதே பதில். மண்ணுளிக்கு லட்சக்கணக்கில் விலை, அதை வைத்தால் செல்வம் சேரும் என்று ஊரைச் சுற்றும் கதைகள் சுத்த மோசடி.

வெளிநாட்டுப் பாம்புகளின் கதை வேறு. 2022இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வர்த்தகத்துக்கான சைட்ஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியல்களில் உள்ள உயிரினங்களை நான்காம் அட்டவணையில் சேர்த்தார்கள். அவற்றை வைத்திருப்போர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் விதிகள் வந்தன. பால் பைத்தான் (Ball python) என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது, மேற்கத்திய ஹாக்நோஸ் இல்லை. அதனால் ஹாக்நோஸுக்குக் காகிதமே வேண்டாம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அதை நம்பிவிடாதீர்கள். உயிருள்ள விலங்கை நாட்டுக்குள் கொண்டுவர வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் உரிமமும், கால்நடைத் தனிமைப்படுத்தல் அனுமதியும் வேண்டும். உங்களிடம் விற்பது இங்கேயே பொரித்த குஞ்சு என்றால், அதன் தாய் தகப்பன் எப்படி வந்தன என்பதற்கான ரசீது விற்பவரிடம் இருக்க வேண்டும். 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் பிடிபட்டன. அப்படி வந்த சரக்கு உங்கள் கைக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

வாங்குவதற்கு முன் மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ரசீது தர மாட்டேன் என்பவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

விஷம் உண்டா, இல்லையா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கொஞ்சம் உண்டு. மேல்தாடையின் பின்பக்கம் சற்று நீண்ட பற்கள் இருக்கின்றன. அவற்றின் வழியாக வரும் உமிழ்நீர் தேரை, எலி போன்ற இரைகளுக்கு வேலை செய்யும். மனிதனுக்கு, பாம்பு கடித்தபடியே பிடித்து மென்றால், கடித்த இடம் சிவந்து வீங்கும். சிலருக்குக் கொப்புளமும் வரும், முழங்கை வரை வீக்கம் ஏறி வடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆவதும் உண்டு. உயிருக்கு ஆபத்தான பாம்பு அல்ல. ஆனால் குளவி கொட்டினால் மூச்சுத் திணறும் உடம்புக்காரர்கள் விலகி இருப்பது நல்லது.

கடிகள் பெரும்பாலும் தீனி நேரத்தில்தான் நடக்கின்றன. எலி வாசனை ஒட்டிய விரலை எலி என்று நினைத்துப் பிடித்துவிடும். இடுக்கியால் தீனி கொடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. பிடித்துவிட்டால் இழுக்காதீர்கள், பல் உடையும். குளிர்ந்த தண்ணீர்க் குழாயடியில் காட்டினால் விட்டுவிடும். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, வீக்கம் ஏறுகிறதா என்று பாருங்கள்.

மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் "ஹாக்நோஸ், வெளிநாட்டுப் பாம்பு, வீட்டில் வளர்ப்பது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு எதிராகத் தயாராவது. ஹாக்நோஸ் கடிக்கு அது வேலை செய்யாது, தேவையும் இல்லை. கடித்தது வளர்ப்புப் பாம்புதானா என்பதில் துளி சந்தேகம் இருந்தாலும் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கூண்டைத் திறந்ததும் வாயைப் பிளந்து மல்லாந்து கிடக்கிறது. செத்துவிட்டதா?

நடிப்பு. முதலில் கழுத்தை நல்லபாம்பு மாதிரி தட்டையாக்கிக்கொண்டு புஸ்ஸென்று சீறும். வாயை மூடியபடியே முட்டுவது போல் பாயும். அதற்கும் நீங்கள் விலகவில்லை என்றால் உடம்பை முறுக்கி, மல்லாந்து, நாக்கைத் தொங்கவிட்டுக் கிடக்கும். சிலது மலத்தையும் பூசிக்கொள்ளும், நாற்றம் குடலைப் பிடுங்கும். உண்மையாகவே செத்ததா என்று பார்க்க அதைக் குப்புறத் திருப்பி வையுங்கள். உயிரோடு இருந்தால் "நான் செத்துதான் கிடக்கிறேன்" என்று உடனே மறுபடி மல்லாந்துகொள்ளும்!

கிழக்கத்திய ஹாக்நோஸ்தான் இந்த நாடகத்தில் பெரிய ஆள். மேற்கத்தியது பெரும்பாலும் சீறலோடு நிறுத்திக்கொள்ளும். வந்த புதிதில் இரண்டு வாரம் தொடாமல் விடுங்கள். வேடிக்கைக்காகத் திரும்பத் திரும்பச் சாக வைத்து வீடியோ எடுப்பது அதற்குப் பெரிய உபத்திரவம்.

நம் ஊர் ஈரத்தை எப்படிச் சமாளிப்பது?

கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. ஹாக்நோஸுக்குக் காற்றில் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் வீடுகளில் அது 85, 90க்குப் போய் நாள்கணக்கில் இறங்காது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடல்காற்றும் சேர்ந்துகொள்ளும். சுற்றிலும் நடவு வயல் இருந்தால் மழை இல்லாத நாளிலும் ராத்திரியில் ஈரம் ஏறும். இந்த ஈரத்தில் வாரக்கணக்கில் கிடந்தால் இரண்டு நோய் வரும். ஒன்று வயிற்றுச் செதில் பழுப்பாகி, சிவந்து, அழுகுவது. மற்றொன்று மூச்சுப்பாதைத் தொற்று. மூக்கில் குமிழி, வாயில் நூல் போன்ற சளி, மூச்சு விடும்போது கிளிக் கிளிக் சத்தம்.

நம் கையில் இருக்கும் மலிவான ஆயுதம் சூடு, அதாவது கூண்டின் அடியில் வைக்கும் மின்சாரச் சூட்டுப் பாய். காற்று சூடாக ஆக அதன் ஈரப்பதச் சதவீதம் தானாக இறங்கும். 25 டிகிரியில் 85 சதவீதம் ஈரம் உள்ள காற்றை 32 டிகிரிக்குச் சூடாக்கினால் அது 57 அளவுக்கு வந்துவிடும், ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வெளியே எடுக்காமலேயே. அதனால் மழைக்காலத்தில் "குளிராகத்தானே இருக்கிறது, சூட்டுப் பாய் எதற்கு" என்று அணைத்துவிடாதீர்கள். அப்போதுதான் அது அதிகம் தேவைப்படும்.

மிச்சத்துக்கு: கூண்டின் இரண்டு பக்கமும் எதிரெதிராகக் காற்றோட்டத் துளைகள் வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் சின்னதாக, கனமாக, குளிர்ந்த பக்கத்தில் இருக்கட்டும். ஈரத் துணி காயப்போடும் அறையில் கூண்டை வைக்காதீர்கள். தரையை ஒட்டியும் வேண்டாம், பழைய வீடுகளில் தரை ஈரம் மேலே ஏறும். அறைக்கு ஏசி இருந்தால் ட்ரை நிலையில் ராத்திரி சில மணி நேரம் ஓடட்டும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடுவதானால் பாம்பு எட்டாத இடத்தில், துணிப்பையில் கட்டி வையுங்கள். ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் ஒன்று கூண்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அறைச் சுவரில் மாட்டியதைப் பார்த்து முடிவெடுப்பதில் பயனில்லை.

என்ன கூண்டு? கீழே எதைப் பரப்புவது?

ஒரு பெரிய பாம்புக்கு மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம் நல்ல அளவு. உயரம் முக்கியமில்லை, இது மரமேறும் பாம்பு அல்ல. மூடிக்குப் பூட்டு கட்டாயம். ஒரு கூண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

பரப்புவதற்கு ஆஸ்பென் மரத்தூள்தான் உலகம் முழுக்கப் பழக்கம். நம் பக்கம் சுலபத்தில் கிடைக்காது, கிடைத்தால் மூன்று நான்கு அங்குலத்துக்குப் போட்டுவிடுங்கள், உள்ளே புதைந்து சந்தோஷமாக இருக்கும். கிடைக்காவிட்டால் செய்தித்தாளைக் கிழித்துக் கனமாக அடுக்கினாலும் வேலை நடக்கும். எங்கள் ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது உமி. வேண்டாம். தூசு அதிகம், முனை கூர்மை, வாயில் குத்தும். வைக்கோலில் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், பூச்சியும் கூடவே வரும். தேங்காய் நார்த்தூள் ஈரத்தைப் பிடித்து வைக்கும், நமக்கு வேண்டாதது அதுதான். மரக்கடைத் தூளில் எந்த மரம் கலந்திருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. பைன், தேவதாரு எண்ணெய் பாம்புக்கு ஆகாது.

ஒளிந்துகொள்ள இரண்டு இடம், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. கவிழ்த்த மண்சட்டியில் வாசல் உடைத்து, விளிம்பை உரசி மழுக்கினால் போதும். நூற்றுக்கணக்கில் செலவழித்து பிளாஸ்டிக் பாறை வாங்கத் தேவையில்லை.

எவ்வளவு சூடு? கத்திரி வெயிலில் என்ன செய்வது?

சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 24 முதல் 26. சூட்டுப் பாயைக் கூண்டின் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும், அடியில், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு வைக்க வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாத பாய் பாம்பின் வயிற்றைச் சுட்டுவிடும். புதைந்து கிடக்கும் பாம்பு சுடுகிறது என்று உடனே நகராது.

சித்திரை, வைகாசியில் நிலைமை தலைகீழ். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை மாலை ஆறு மணிக்குக்கூட 36, 37 காட்டும். பாம்புக்குப் போய் ஒண்ட ஒரு குளிர்ந்த மூலை இல்லாமல் போனால் உயிருக்கே ஆபத்து. அந்த மாதங்களில் கூண்டைக் கீழ்த்தளத்துக்கு, முடிந்தால் வீட்டின் நடு அறைக்கு மாற்றிவிடுங்கள். பாயைப் பகலில் அணைத்துவிடலாம்.

கரண்ட் போய்விட்டால்?

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்கு ஒன்றும் ஆகாது. நம் ஊர் அறை வெப்பமே 26, 28 இருக்கும். புயல் நேரம்தான் சிக்கல். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அந்த மாதிரி நேரத்தில் தீனியை நிறுத்திவிடுங்கள். சூடு இல்லாமல் செரிமானம் நடக்காது, வயிற்றிலேயே எலி அழுகும், பாம்பு கக்கிவிடும். வளர்ந்த ஹாக்நோஸ் ஒரு மாதம் பட்டினி கிடந்தாலும் தாங்கும். தண்ணீர் மட்டும் இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்த அன்றே தீனியை நிறுத்துவது என் பழக்கம்.

தீனி என்ன? வயலில் எலிக்குப் பஞ்சமில்லையே, அதைப் பிடித்துப் போடலாமா?

கூடவே கூடாது. வயல் எலிக்கு துத்தநாக பாஸ்பைடும் புரோமாடியோலோனும் வைக்கிறார்கள். மருந்து தின்ற எலியைப் பாம்பு தின்றால் பாம்பும் போகும். மருந்து தின்னாத எலியிலும் புழுவும் உண்ணியும் இருக்கும். பிடிக்கப் போகும் உங்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். வயல் தவளைக்கும் தேரைக்கும் இதே பதில், அவற்றின் உடம்பில் பூச்சிமருந்து ஏறியிருக்கும்.

கூண்டில் வளர்த்த வெள்ளை எலிதான் சரி. குஞ்சுப் பாம்புக்கு ஒருநாள் வயது எலிக்குஞ்சு, நாலைந்து நாளுக்கு ஒன்று. வளர்ந்ததற்கு அதன் உடம்புத் தடிமனுக்கு ஒத்த எலி, ஏழு முதல் பத்து நாளுக்கு ஒன்று. கொன்று உறையவைத்ததைக் கொடுப்பதுதான் நல்லது. உயிரோடு விட்ட எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும்.

உறைந்த எலியை ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டு, காலையில் கைபொறுக்கும் வெந்நீரில் ஜிப் பையோடு பத்துப் பதினைந்து நிமிஷம் போட்டு, துடைத்துக் கொடுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், வயிறு வெடிக்கும். தோசைமாவும் மீனும் இருக்கும் ஃப்ரிட்ஜில் எலியை வைத்தால் வீட்டில் பாம்புக்கு முன் நீங்கள் வெளியேற வேண்டியிருக்கும். ஃப்ரீசரோடு பழைய சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்று எலிக்கென்று தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியத்துக்கும் அதுதான் சரி.

மூன்று வாரமாகச் சாப்பிடவில்லை. என்ன செய்வது?

முதலில் சூட்டைப் பாருங்கள். அப்புறம் எடையைப் பாருங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வைத்தால் பாதிக் கவலை தீரும். எடை இறங்காமல் இருந்தால் பதற்றம் வேண்டாம். வளர்ந்த ஆண்கள் இனச்சேர்க்கைக் காலத்தில் இரண்டு மூன்று மாதம் எதையும் தொடாது. சட்டை உரிக்கப் போகும்போதும் வேண்டாம் என்னும்.

குஞ்சு முரண்டு பிடித்தால் வாசனையை மாற்றிப் பார்க்கலாம். இயற்கையில் தேரை தின்னும் இனம் என்பதால் வெறும் எலி வாசனை சில குஞ்சுகளுக்குப் பிடிபடாது. உப்புப் போடாத சூரை மீனை வேகவைத்த தண்ணீரில் எலிக்குஞ்சை நனைத்துக் கொடுங்கள். சாயங்காலம் கொடுத்து, விளக்கை அணைத்து, அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிடாது. வாயைத் திறந்து திணிக்கும் வேலை மருத்துவருடையது.

பாட்டி பால் வைக்கச் சொல்கிறார்கள்.

பாம்பு பால் குடிக்காது. தாகத்தில் தவித்தால் எந்தத் திரவத்திலும் வாய் வைக்கும், பால் அதற்குச் செரிக்காது. பாட்டியின் மனம் நோகாமல் இருக்க வேண்டுமானால் திருநாகேசுவரம் போய் ராகு பகவானுக்குப் பாலாபிஷேகம் செய்துவிட்டு வாருங்கள், கூண்டுக்குள் தண்ணீர் மட்டும்.

எறும்புத் தொல்லைக்கு என்ன வழி?

இதை எந்த வெளிநாட்டுக் குறிப்பும் சொல்லாது. சட்டை உரிக்கும் பாம்பையும், பொரிக்கப்போகும் முட்டையையும் செவ்வெறும்பு ஒரே ராத்திரியில் முடித்துவிடும். மேசையின் நான்கு காலுக்கும் அடியில் கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். மேசை சுவரைத் தொடக் கூடாது, தெர்மோஸ்டாட் வயரும் சுவரிலிருந்து நேராக வரக் கூடாது. வயர்தான் எறும்புக்கு ராஜபாட்டை. எறும்புப் பொடி, சாக்பீஸ், கொசுவர்த்தி, கொசு திரவம் எதுவும் அந்த அறைக்குள் வேண்டாம். அந்த மருந்துகள் ஊர்வனவற்றின் நரம்பைத் தாக்கும். கொசுவுக்கு ஜன்னலில் வலை அடித்துவிடுங்கள்.

நோய் வந்தால் எந்த மருத்துவரிடம் போவது?

பாம்பு வருவதற்கு முன்பே கேட்டு வைக்க வேண்டிய கேள்வி. ஆடு மாடு பார்க்கும் மருத்துவர் எல்லோரும் பாம்பு பார்ப்பதில்லை. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே முதலில் விசாரியுங்கள். சென்னை வேப்பேரி கல்லூரி அடுத்தது. மருந்துக்கடையில் கோழிக்கான ஆன்டிபயாடிக் வாங்கி நீங்களே அளவு போடாதீர்கள்.

வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் கூடுதல் எச்சரிக்கை. ஊர்வன உடம்பில் சால்மோனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, சமையலறைத் தொட்டியில் கூண்டுச் சாமான்களைக் கழுவாமல் இருப்பது, இந்த இரண்டும் கட்டாயம்.

ஆண், பெண் எப்படித் தெரியும்?

ஹாக்நோஸில் இது சுலபம். மலத்துளைக்குக் கீழே உள்ள வாலைப் பாருங்கள். ஆணுக்கு வால் நீளமாக, தொடக்கத்தில் தடித்து மெல்ல மெலியும். பெண்ணுக்குக் குட்டையாக, சட்டென்று கூம்பிவிடும். குஞ்சிலேயே ஓரளவு சொல்லிவிடலாம். கம்பி விட்டுப் பார்க்கும் முறை பழகாதவர் கையில் பாம்பைக் காயப்படுத்தும்.

வீட்டிலேயே குட்டி எடுக்க ஆசை. டெல்டாவில் முடியுமா?

முடியும், ஆனால் செலவு உண்டு. இனப்பெருக்கத்துக்குத் தயாராக இந்த இனத்துக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம், 10 முதல் 15 டிகிரி. நமக்கு மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் 20க்குக் கீழே இறங்குவதே அபூர்வம், பகலில் 29 ஆகிவிடும். இந்த இரண்டுங்கெட்டான் நிலை மோசமானது. உறங்கும் அளவுக்குக் குளிராது, செரிக்கும் அளவுக்குச் சூடும் நிற்காது. அதனால் வெப்பம் அமைக்கக்கூடிய ஒயின் கூலர் பெட்டியோ, தெர்மோஸ்டாட் பொருத்திய பழைய ஃப்ரிட்ஜோ வேண்டும். தினமும் ஒருமுறை திறந்து காற்று மாற்ற வேண்டும். சிலர் உறக்கமே இல்லாமல் ஜோடி சேர்த்து முட்டை எடுத்திருக்கிறார்கள். ஆனால் அதை நம்பித் திட்டம் போட மாட்டேன்.

பெண்ணுக்கு இரண்டு, மூன்று வயதாவது ஆகியிருக்க வேண்டும், எடை 200 கிராமைத் தொட்டிருக்க வேண்டும். சின்னப் பெண்ணைச் சேர்த்தால் முட்டை உள்ளேயே சிக்கிச் செத்துப்போகும். ஆண் ஒரு வயது தாண்டினால் போதும். உறக்கத்துக்கு அனுப்புவதற்கு முன் இரண்டு வாரம் சூட்டைக் குறைக்காமல் தீனியை மட்டும் நிறுத்தி, வயிறு காலியானதை உறுதி செய்யுங்கள். இளைத்ததையும் சளி பிடித்ததையும் அனுப்பாதீர்கள், திரும்பி வராது.

கணக்கு இப்படி வரும். டிசம்பர் தொடக்கத்தில் உள்ளே. பிப்ரவரி கடைசியில் வெளியே எடுத்து, ஒரு வாரத்தில் மெல்ல வெப்பம் ஏற்றி, பெண்ணுக்கு நன்றாகத் தீனி. அது சட்டை உரித்ததும் ஆணின் கூண்டில் விடுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போது மட்டும் சேர்த்து வைத்து, அப்புறம் பிரித்துவிடுங்கள். பெரிய பெண் சின்ன ஆணை இரையாக நினைத்த சம்பவங்கள் உண்டு. சேர்ந்து ஒன்றரை மாதம் அளவில் பெண் மறுபடி சட்டை உரிக்கும். அதன்பின் ஒன்று, இரண்டு வாரத்தில் முட்டை.

முட்டையைக் கோழி இன்குபேட்டரில் வைக்கலாமா?

இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் சறுக்குவார்கள், ஏனென்றால் வீட்டுக்கு வீடு அந்தப் பெட்டி இருக்கிறது. கோழி முட்டைக்கு 37.5 டிகிரி, தினமும் திருப்ப வேண்டும். ஹாக்நோஸ் முட்டைக்கு 26 முதல் 28 டிகிரி, திருப்பவே கூடாது. உள்ளே கரு ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்ளும், புரட்டினால் செத்துவிடும். எடுக்கும்போதே மேல்பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, அதே வாக்கில் பெட்டிக்கு மாற்றுங்கள். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிரிக்காமல் கொத்தாகவே வையுங்கள்.

மே மாதம் இட்ட முட்டைக்கு நமக்கு வேண்டியது சூடாக்கும் பெட்டி அல்ல, குளிர்விக்கும் பெட்டி. அறையே 33இல் இருக்கும். 32க்கு மேல் தொடர்ந்து போனால் குஞ்சு ஊனமாகவோ சாகவோ வாய்ப்பு உண்டு. உறக்கத்துக்கு வாங்கிய ஒயின் கூலரையே 27இல் வைத்தால் இதற்கும் ஆகிவிடும், சில கூலர்கள் அவ்வளவு மேலே போகாது. அப்போது வெளித் தெர்மோஸ்டாட் போட வேண்டும்.

பெட்டிக்குள் மட்டும் ஈரம் நிறைய வேண்டும். பாம்புக்கு ஆகாதது முட்டைக்கு அமிர்தம். நர்சரிக் கடையில் கிடைக்கும் வெர்மிகுலைட்டும் தண்ணீரும் எடைக்கு எடை சமமாகக் கலந்து, கையில் பிழிந்தால் சொட்டாத பதத்துக்கு வந்ததும் முட்டையைப் பாதி புதைய வையுங்கள். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று விடுங்கள்.

ஒரு ஈட்டில் பத்து முட்டை அளவு சாதாரணம், நாலும் இருக்கலாம், இருபதும் இருக்கலாம். மஞ்சளாகச் சுருங்கி, மெழுகு போலத் தெரிபவை கூமுட்டை. நல்ல முட்டையை இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் சிவப்பு நரம்பு தெரியும். 50 முதல் 65 நாளில் பொரிக்கும். ஓடு கீறித் தலையை நீட்டிக்கொண்டு ஒருநாள் முழுக்க அப்படியே கிடக்கும். மஞ்சள் கரு உள்ளே இழுபட்டுக்கொண்டிருக்கிறது. கையால் உரித்து உதவி செய்யாதீர்கள்.

குஞ்சுகளை என்ன செய்வது?

ஒவ்வொன்றும் பென்சில் தடிமன்தான். தனித்தனி டப்பா, பூட்டும் மூடி. ஒரு வாரம், பத்து நாளில் முதல் சட்டை உரிக்கும், அதன்பிறகுதான் தீனி. நாலைந்து முறை தானாகச் சாப்பிட்ட பிறகே பிறருக்குக் கொடுக்க வேண்டும். பதினைந்து குஞ்சுக்கு மாதம் நூறு எலிக்குஞ்சு ஆகும், அதை யார் வளர்ப்பது என்று ஜோடி சேர்ப்பதற்கு முன் யோசியுங்கள். வாங்க ஆள் இல்லாமல் முட்டை எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அனகோண்டா, சூப்பர்கோண்டா என்று விலை சொல்கிறார்களே?

அனகோண்டா என்பது இங்கே ஒரு மரபணு மாற்றத்துக்கு வைத்த பெயர், பெரிய பாம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு பிரதி இருந்தால் முதுகுப் புள்ளி குறையும், இரண்டு பிரதி இருந்தால் புள்ளியே இருக்காது, அது சூப்பர்கோண்டா. இரண்டு அனகோண்டாவைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒன்று சூப்பர், இரண்டு அனகோண்டா, ஒன்று சாதாரணம். கருநிறமி இல்லாத அல்பினோ ஒடுங்கு பண்பு, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வர வேண்டும். வளர்ப்பதற்கு எல்லாமே ஒன்றுதான். முதல் பாம்புக்குச் சாதாரண நிறமே போதும்.

தப்பித்துவிட்டால்?

கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்து, ராத்திரி ஃப்ரிட்ஜின் பின்பக்கம், அரிசி மூட்டைக்கடியில், செருப்பு அலமாரியில் டார்ச் அடித்துத் தேடுங்கள். சுவரோரம் கோலமாவு தூவி வைத்தால் போன தடம் தெரியும்.

ஒரு விஷயத்தில் உயிரே இருக்கிறது. பழுப்பு உடம்பு, முதுகில் கரும்புள்ளி, தடித்த உருவம், பலத்த சீறல் என்ற அடையாளம் எல்லாம் நம் வயல் வரப்பில் திரியும் கண்ணாடி விரியனுக்கும் பொருந்தும். அதன் குட்டி அளவிலும் ஹாக்நோஸை ஒத்திருக்கும். அதனால் தோட்டத்திலோ கொல்லையிலோ புள்ளிப் பாம்பைப் பார்த்தால் "நம்ம பாம்புதான்" என்று கை நீட்டாதீர்கள். விலகி நின்று, தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். வீட்டில் பாம்பு வளர்ப்பதைப் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் மறைக்காதீர்கள். இல்லையென்றால் அவர்கள் அதைக் கம்பால் அடிப்பார்கள், அல்லது உண்மையான விரியனை உங்கள் பாம்பு என்று நினைத்துவிடுவார்கள்.

வளர்க்க முடியவில்லை. வாய்க்காலில் விட்டுவிடலாமா?

கூடாது. பிழைத்தால் நம் தேரைகளுக்குக் கேடு, பிழைக்காவிட்டால் அந்தப் பாம்புக்குக் கேடு. காகிதத்தோடு அனுபவசாலி ஒருவரிடம் ஒப்படையுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் வனத்துறையிடம் பேசுங்கள்.

பொங்கலுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போகிறோம். பாம்பை எங்கே விடுவது?

எங்கேயும் விட வேண்டாம், கூண்டிலேயே இருக்கட்டும். கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பே கடைசித் தீனியைக் கொடுத்துவிடுங்கள். தண்ணீரை மாற்றி, பூட்டைச் சரிபார்த்து, தெர்மோஸ்டாட்டின் எண் தெரியும்படி கூண்டைத் திருப்பி வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை அந்த எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்ப ஒருவரிடம் வீட்டுச் சாவி இருந்தால் போதும், கூண்டை அவர் திறக்க வேண்டியதில்லை.